ஒரு ரூபாய்

திங்கட்கிழமைத் தபாலில் மூன்று ரூபாய் வந்தது.
மூன்று உறை, உறைக்கு ஒரு நாணயம்.
அனுப்பியவர் பெயர் இல்லை.
தபால்தலைக்கே ஐந்தைந்து ரூபாய் செலவழித்திருந்தார்கள்.
என்மேல் அவ்வளவு கோபம்.

குன்னூரில் வர்க்கிக் கடைக்கு மேல்மாடியில்
என் அலுவலகம்.
காலையில் டால்டா வாசனை ஏறும்
மதியத்துக்கு மேல் மூட்டம் ஏறும்
நடுவே மனுக்கள்.
எல்லாம் புதுப்பித்துத் தரச் சொல்லி:
கேத்தி மினிபஸ்ஸின் பர்மிட்,
குத்தகை முடிந்த கேரட் கிடங்கு,
உயிரோடுதான் இருக்கிறேன் என்று
ஆண்டுக்கொருமுறை நிரூபிக்க வரும் ஓய்வூதியர்.
என் பேனாவும் முத்திரையும் அதற்குத்தான்.

டெல்லியிலும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள்.
புதுப்பித்தல்.
இருக்கும் ஏவுகணைகளுக்கு வயதாகிவிட்டதாம்.
இனி இன்னும் தூரமாய், கடலுக்கடியில் ஒளிந்தபடி.
எழுபத்தோராம் பக்கத்தில் தொகை.
பூஜ்யங்களை விரல்வைத்து எண்ணினேன்
எடைச் சீட்டை என் அம்மா எண்ணுவதுபோல,
இரண்டு முறை, நம்பாமல்.

கொள்கையே வேண்டாம் என்பவர் கேட்பதற்கென்று
விதிப்புத்தகத்தில் ஒரு வாசகம் இருக்கிறது:
தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும்.
கேட்டேன்.

நான்கு நிமிடம். மூன்றாவதிலேயே மணி.
எழுதி வைத்திருந்ததில் பாதி
இன்னும் கைப்பையில் கிடக்கிறது.
வாய்க்கு வந்தது இவ்வளவுதான்:
விழுந்தால் ஊரே மிஞ்சாத ஒன்றை
ஊர்க்காவல் என்று சொல்லாதீர்கள்.
எதிரியின் தெருவிலும்
விடிகாலை ஐந்தரைக்குப் பால்வண்டி வரும்.
யாரோ சிரித்தார்கள், பால்வண்டிக்கு.
பலகை முழுக்கப் பச்சை எரிந்தது.
சிவப்பு பதினொன்று. அதில் ஒன்று நான்.
கொறடா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
ஏழு நாளில் விளக்கம் கேட்ட கடிதம் மட்டும்
எனக்கு முன்பே மலையேறி வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை,
அருவங்காட்டுச் சங்கு ஊதி ஷிப்ட் விட்டதும்
சங்கத்துச் சவரிநாதன் ஆறு பேரோடு வந்தார்.
உட்காரவில்லை.
"நாங்க செய்யறது வெடிமருந்து, அணுகுண்டு இல்ல, தெரியும்.
ஆனா ஒரு கதவச் சாத்துனா
பக்கத்துக் கதவும் காத்துல சாத்திக்கும், மேடம்.
எங்க லைன்ல மட்டும் ரெண்டாயிரம் ஓட்டு."
மிரட்டலாகச் சொல்லவில்லை.
மழை வரும்போல என்பதைச் சொல்கிற குரலில் சொன்னார்.

சொல்லியிருக்கலாம்:
இரண்டு தலைநகரங்கள் உட்கார்ந்து
லட்சக்கணக்கில் எங்களைப் பங்கிட்டுக்கொண்ட காகிதத்தில்
என் அப்பா கடைசி இலக்கம்.
மண்டபத்தில் இறக்கி, கோத்தகிரிக்கு லாரியேற்றி,
இதுதான் உன் நாடு என்றார்கள்.
அதனால்தான் தூரத்து மேசையில் எழுதும் எண்களை
எனக்குப் பயம்.
சொல்லவில்லை. அவர் கேட்டது
என் கதையை அல்ல, அவருடைய சம்பளத்தை.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பின்னால் நின்ற ஒருவர்
சட்டைப்பையில் கைவிட்டு
மேசைமேல் ஒரு ரூபாய் வைத்தார்.
அப்புறம் இன்னொருவர்.
சவரிநாதன் வைத்தது ஒரு மனு,
மகளுக்குக் கோவையில் ஹாஸ்டல் கேட்டு.
கையெழுத்துப் போட்டேன்.

நஞ்சுண்டன் டிராயரைத் திறந்து
வாரம் முழுக்கச் சேர்ந்ததைக் கொட்டி எண்ணினான்.
நூற்று இருபத்தொன்பது.
யாரையும் கேட்காமல் கீழே இறங்கி
எட்டு டீயும் எட்டு வர்க்கியும் வாங்கிவந்தான்.
குடித்தார்கள்.
சர்க்கரை கம்மி என்றார் நாணயம் வைத்தவர்.
ஜன்னலில் எதிர்மலை காணாமல் போயிருந்தது.
மூட்டத்துக்குள் எங்கோ ரயில் கூவியது
ஏறுகிறதா இறங்குகிறதா தெரியவில்லை.

மிச்சம் ஒரு ரூபாய்.
கொறடாவின் கடிதம் பறக்காமலிருக்க
அதன்மேல் வைத்திருக்கிறேன்.
இன்று ஆறாம் நாள்.